கால் ஊன்றாமல்

பொங்கலை ஒட்டி நம் ஊர்களில் நடக்கும் விளையாட்டுகளில் உறியடி இருக்கும், கயிறு இழுத்தல் இருக்கும், கூடவே ஸ்லோ சைக்கிள் என்றொரு போட்டியும் இருக்கும். சுண்ணாம்புக் கோடு போட்ட தடத்தில் கடைசியாக வந்து சேர்பவருக்குத்தான் பரிசு. நடுவில் கால் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. இராமநாதபுரத்திலோ திருப்புல்லாணியிலோ மண்டபத்திலோ இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக ஓட்டுவது எளிது, மெதுவாக ஓட்டுவதுதான் கடினம் என்ற அறிவு இந்தப் போட்டிக்குள் இருக்கிறது. இதே அறிவை அடித்தளமாகக் கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் விளையாட்டு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகில் நடந்து வருகிறது. அதன் பெயர் ட்ரயல்ஸ். நாம் அன்றாடம் ஓட்டுகிற 100 சிசி வண்டியை அந்த விளையாட்டுக்கு ஏற்றபடி மாற்ற முடியுமா, அதை இந்தக் கடலோர மாவட்டத்தில் செய்வது தகுமா என்பதே இன்றைய பேச்சு. முடியும், தகும் என்பது என் கருத்து. வண்டியோடு எதையும் பெரிதாகச் சேர்க்காமல், அதிலிருந்து கழித்தும் அதன் வேகத்தைக் குறைத்தும் செய்கிற மாற்றம்தான் சரியான மாற்றம் என்பதும், அந்த வண்டி ஓட வேண்டிய இடம் கடற்கரை மணல் இல்லை என்பதும் அந்தக் கருத்தின் இரு பகுதிகள்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரயல்ஸில் பந்தயம் கிடையாது. பாறை, ஓடை, சரிவு, மரக்கட்டை என்று தடைகள் நிறைந்த ஒரு சிறு பகுதியை நாடா கட்டி ஒதுக்கிவிடுவார்கள். ஓட்டுபவர் இருக்கையில் உட்காராமல் நின்றபடியே அதைக் கடக்க வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ ஐந்து. இவையெல்லாம் தண்டப் புள்ளிகள் என்பதால் குறைவாக வாங்கியவரே வெல்வார். ஸ்காட்லாந்தில் நடக்கும் ஆறு நாள் ட்ரயல் 1909-இல் தொடங்கியது. உலகச் சாம்பியன் பட்டம் 1975 முதல் இருக்கிறது. முதல் பட்டத்தை மார்ட்டின் லாம்ப்கின் வென்றார். நடக்கும் வேகத்தை ஒட்டிய வேகத்தில் ஓட்டி உலகச் சாம்பியன் ஆகலாம் என்பது, மோட்டார் விளையாட்டு என்றாலே சீறிப்பாயும் வண்டிகளை நினைத்துக்கொள்கிற நமக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

இந்த விளையாட்டுக்கென்று தனியாக வடிக்கப்பட்ட வண்டிகள் பிற்காலத்தில்தான் வந்தன. தொடக்கத்தில் எல்லாரும் சாலை வண்டியைத்தான் திருத்தி ஓட்டினார்கள். நமக்குப் பழக்கமான ராயல் என்ஃபீல்டு புல்லட்டே இதற்குச் சான்று. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சர்பரும் வைத்த புல்லட்டை அந்த நிறுவனம் 1948-இல் முதலில் களமிறக்கியது ட்ரயல்ஸில்தான். பின்பக்கம் விறைப்பாக இருந்தால்தான் சக்கரம் தரையைப் பிடிக்கும் என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் ட்ரயலில் வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றார்கள். பின்னர் ஜானி பிரிட்டன் என்ஃபீல்டு வண்டியில் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரயலை 1952-இலும் 1957-இலும் வென்றார். பின்பக்க சஸ்பென்ஷன் பற்றிய வாதம் அங்கே முடிந்தது. இன்று ஊர்ச் சந்தைக்குப் போய்வரும் வண்டியின் முதுகெலும்பும் அந்த ஸ்விங் ஆர்ம்தான் என்பதை நினைத்தால், ட்ரயல்ஸ் நமக்கு அந்நியமான ஒன்று என்ற எண்ணம் தானே குறையும்.

இன்னொரு சான்று சாமி மில்லர். அவர் ஓட்டிய ஏரியல் 500 சிசி வண்டி, கனத்த சாலை வண்டியின் வம்சத்தில் வந்தது. அதை அவர் ஆண்டுக்கணக்கில் இழைத்தார். இரும்பு இருந்த இடத்தில் இலேசான உலோகக் கலவையும் கண்ணாடி இழையும் வந்தன, தேவையில்லாதது ஒவ்வொன்றாகப் போனது. அந்த வண்டியில் 1962-இலும் 1964-இலும் ஸ்காட்லாந்தில் வென்றார். பிறகு ஸ்பெயினின் புல்டாக்கோ நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 90 கிலோ எடையில் ஷெர்பா என்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கி, 1965-இல் அதே போட்டியை அதில் வென்றார். கனமான நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அத்தோடு முடிந்தது என்று வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஷெர்பா எப்படி இருக்க வேண்டும் என்பதை மில்லருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பழைய ஏரியல்தான். ஒரு சாதாரண வண்டியை எங்கே குறைக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்று பல ஆண்டுகள் பட்டறையில் கண்டறிந்த பிறகுதான் புதிய வண்டியின் வடிவம் அவர் மனத்தில் உருவாகியிருக்க முடியும்.

நம் பக்கத்துக் கதையும் இதோடு பின்னியிருக்கிறது. புல்லட் 1955-இல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் தங்கிவிட்டது. அந்தப் பழைய பெருமையை நினைவூட்டும் வகையில் 2019-இல் புல்லட் ட்ரயல்ஸ் என்ற பெயரில் 350, 500 சிசி வண்டிகள் விற்பனைக்கு வந்தன. தூக்கி வைத்த சைலன்சர், ஒற்றை இருக்கை, முடிச்சு முடிச்சான டயர் என்று தோற்றம் அழகாகவே இருந்தது. ஆனால் எடை 180 கிலோவுக்கு மேல். அது அந்த வரலாற்றுக்குச் செய்த மரியாதை, பாறைமேல் கால் ஊன்றாமல் ஏறுவதற்கான கருவி ஆகாது. சைலன்சரை மேலே தூக்கிவிட்டால் வண்டி மாறிவிட்டது என்று எண்ணும் இளைஞர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் இன்னொரு வழியில் இந்த விளையாட்டின் பக்கத்தில் நிற்கிறது. டாக்கார் பந்தயத்துக்காக அது 2015-இல் கைகோத்த ஷெர்கோ நிறுவனம், 1998-இல் ட்ரயல்ஸ் வண்டி செய்துதான் பிறந்தது. ஷெர்பா, புல்டாக்கோ என்ற இரண்டு பெயர்களைச் சேர்த்துத்தான் ஷெர்கோ என்ற பெயரே வந்தது. கேரளத்தின் ஹரித் நோவா 2024 டாக்காரில் ராலி 2 பிரிவை வென்றது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காகவே.

அதே டிவிஎஸ், 1980-இல் இருவர் செல்லும் மொபெட்டாகக் கொண்டுவந்த டிவிஎஸ் 50-இன் வழியில் வந்ததுதான் இன்று நம் கடலோரத்தில் மீன் ஏற்றிச் செல்லும் எக்ஸ்எல். விடிவதற்கு முன்னால் ஐஸ் பெட்டியோடு ஏலக்கூடத்திலிருந்து கிளம்பி, மணல் வழியிலும் கப்பி பெயர்ந்த பாதையிலும் உள்ளூர்ச் சந்தைகளுக்குப் போகிற வண்டி அது. எக்ஸ்எல் 100-ஐ ஒரு ட்ரயல்ஸ்காரரின் கண்ணால் பாருங்கள். 80 கிலோவை ஒட்டிய எடை, 16 அங்குலச் சக்கரம், ஒல்லியான உடல், 99.7 சிசி இன்ஜினில் குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவை. எடைக் கணக்கில் அது ஷெர்பாவையே எட்டுகிறது. வியாபாரியின் பாரத்துக்காகக் கேரியரை வெல்டு செய்து பலப்படுத்தும் பட்டறைக்காரர்களுக்கு, இரும்பு எங்கே முறுக்கிக்கொள்ளும், எங்கே விரிசல் விடும் என்பது கைப்பாடம். ட்ரயல்ஸுக்கு வேண்டிய அறிவில் பாதி அதுதான். ஆயினும் எக்ஸ்எல்லை நேரே போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. இன்ஜின் சுற்று ஏறினால் தானே பிடித்துக்கொள்ளும் கிளட்ச் அதனுடையது. பாறையின் விளிம்பில் அசையாமல் நின்று, அடுத்த நொடியில் ஒரு முழம் மட்டும் முன்னேறுவதற்கு இடக்கை விரலில் கிளட்ச் இருந்தே ஆக வேண்டும். ஆகவே எக்ஸ்எல்லிடம் எடை பற்றிய பாடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, கியர் உள்ள பழைய 100 சிசி வண்டிக்குப் போவோம். ஸ்பிளெண்டர் வகை நான்கு ஸ்ட்ரோக் வண்டி எதுவானாலும் சரி. ஆர்எக்ஸ் 100-ஐத் தொட வேண்டாம் என்பேன். அதன் சக்தி மேல் சுற்றில்தான் பிறக்கிறது. தவிர, 1996-இல் உற்பத்தி நின்ற வண்டியை அறுப்பதற்கு மனம் வரக் கூடாது.

முதல் வேலை பல்சக்கரத்தில். முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 பல் என்று கொள்வோம். விகிதம் 3. முன்னால் 12, பின்னால் 52 என்று மாற்றினால் விகிதம் 4.33 ஆகிறது. முன்பு முதல் கியரில் மணிக்கு 10 கிலோமீட்டர் போன அதே இன்ஜின் சுற்றில் இப்போது 7 கிலோமீட்டருக்குள்தான் போகும். போன வேகம் அத்தனையும் இழுவையாகத் திரும்பி வருகிறது. எட்டுக் குதிரைத்திறன் இன்ஜின் பாறை ஏறுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே விடை. முழு மாற்றத்திலும் பணத்துக்கு அதிகப் பயன் தருவது இந்த ஒரு வேலைதான். வேறு எதற்கும் கையில் காசு இல்லை என்றால் இதை மட்டும் செய்துவிட்டு, காலி மனையில் எட்டுப் போட்டுப் பழகினால் ட்ரயல்ஸ் என்றால் என்னவென்று உடம்புக்குப் புரிந்துவிடும். பின் ஸ்பிராக்கெட் பெரிதாவதால் செயின் நீளம் கூடும், செயின் கவர் இடிக்கும். கவரைக் கழற்றி எறியாமல், பல்லில் விரலோ துணியோ சிக்காதபடி புதிதாக ஒரு தகடு அடித்து மாட்ட வேண்டும். மெதுவாகச் சுழலும் பல்சக்கரமும் விரலை வெட்டும்.

அடுத்தது கழித்தல். சேலை கார்டு, லெக் கார்டு, சென்டர் ஸ்டாண்டு, பின்னிருக்கைக் கைப்பிடி, பக்கத் தட்டுகள், விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், நீள இருக்கை எல்லாம் இறங்கும். உதைத்துக் கிளப்பும் வண்டியில் பேட்டரியும் வேண்டியதில்லை. பத்து கிலோவுக்கு மேல் இப்படியே குறையும். இருக்கை போவதற்குக் காரணம் எடை மட்டும் இல்லை. ஓட்டுபவர் நின்றுகொண்டே ஓட்டுகிறார். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி நீட்டித் தன் எடையை முன்னும் பின்னும் மாற்றுவதுதான் அவருடைய கலை. வண்டி 100 கிலோ, ஆள் 70 கிலோ என்றால், நகரக்கூடிய அந்த 70 கிலோதான் களத்தில் பெரிய கருவி. அதற்கு இடம்விடவே இருக்கை போகிறது. இங்கேதான் சாதாரண வண்டியின் மிகப் பெரிய குறை தெரியும். அதன் ஃபுட்ரெஸ்ட் உட்கார்ந்து ஓட்டுபவருக்காக முன்னால் வைக்கப்பட்டது. அதில் எழுந்து நின்றால் உடம்பு ஹேண்டில் பாரின் மேல் சாய்ந்துவிடும். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குக் கொண்டுபோய், ஸ்விங் ஆர்ம் அச்சுக்குப் பக்கத்தில், அகலமாகவும் பல் வைத்தும் அமைக்க வேண்டும். கூடவே கியர் லீவரும் பிரேக் மிதியும் இடம் மாறும். ஹேண்டில் பார் சற்று உயரமாகவும் அகலமாகவும் வேண்டும். பட்டறையில் இரண்டு நாள் ஆகும் வேலை இது. மாற்றத்தின் உயிரும் இதில்தான் இருக்கிறது. பல பேர் இதை விட்டுவிட்டு டயரும் சைலன்சரும் மாற்றுகிறார்கள், பிறகு வண்டி சொன்னபடி கேட்கவில்லை என்கிறார்கள்.

டயர் விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நிலத்தோடு நேராக மோதுவது அதுதான். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். வண்டியும் ஆளும் சேர்ந்து 170 கிலோ, காற்று 30 பிஎஸ்ஐ என்றால் இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 80 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கை. காற்றை 10 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது மூன்று உள்ளங்கை ஆகிறது. டயர் கல்லின் வடிவத்தைத் தழுவிக்கொள்ளும், தட்டிவிட்டுத் துள்ளாது. போட்டி வண்டிகளில் பின் டயரில் 5 பிஎஸ்ஐ அளவுக்குக்கூடக் காற்று வைப்பார்கள். அது அதற்கென்றே செய்த டியூப் இல்லாத மென்மையான டயர். டியூப் போட்ட சாதாரணச் சக்கரத்தில் அவ்வளவு இறக்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும். டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுழன்று டியூபின் வால்வையே பிய்த்துவிடும். எனவே நம் வண்டிக்கு 10, 12 பிஎஸ்ஐ போதும். டயர் நகராமல் பிடித்துக்கொள்ள ரிம் லாக் ஒன்று மாட்ட வேண்டும். இதற்கு மேல் இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, சீமைக்கருவேல முள். கண்மாய் உள்வாயிலிருந்து வீட்டுக் கொல்லைவரை அது பரவியிருக்கிறது. காய்ந்து மண்ணில் புதைந்த முள் மென்மையான டயரைத் தயவு பார்க்காமல் துளைக்கும். தடித்த டியூபும் உள்ளே ஊற்றும் பஞ்சர் திரவமும் ஓரளவுக்கு உதவும். களத்தை ஓட்டுவதற்கு முன் பெருக்கி, முள்ளைப் பொறுக்கிவிடுவதுதான் நம்பகமான வழி.

எதை மாற்றக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். ஹேண்டில் பார் தண்டு சட்டத்தோடு சேரும் கழுத்துப் பகுதியில் வெல்டிங் நெருப்பு படவே கூடாது. உயரம் வேண்டும் என்று பின் ஷாக் அப்சர்பரை அளவுக்கு மீறி நீட்டினால் செயினின் கோணம் கெட்டு, முன்பக்கம் அமுங்கி, சரிவில் வண்டி குப்புற விழும். இன்ஜின் அடியில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்தில் தகடு மாட்டி, சைலன்சர் குழாயை அடியிலிருந்து பக்கவாட்டுக்கு ஏற்றினால் போதும். அதன் ஒலித்தடுப்பை எடுக்க வேண்டாம். சத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு இன்ஜினின் மூச்சு ஓட்டுபவருக்குக் கேட்கும். மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி, விழுந்தால் இன்ஜின் தானே நிற்கும் விசையோடு இணைப்பது சர்வதேசப் போட்டிகளின் கட்டாய விதி. நம் பட்டறை வண்டிக்கும் அது கட்டாயமாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் ஸ்போக்ஸ் கம்பியும் கேபிளும் சீக்கிரம் அரித்துப் போகும் என்பதால் ஓட்டும் முன் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது சட்டம். வண்டியை மாற்றுவது குற்றம் இல்லையா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களோடு முரண்படும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நான் சொல்லும் வண்டிக்கு விளக்கு இல்லை, இருக்கை இல்லை, ஹாரன் இல்லை. அது சாலையில் ஓடத் தகுதியற்றது, ஓடவும் கூடாது. மூடிய வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி தனி வகையாக அமைந்த வண்டியைச் சட்டத்தின் 2(28) பிரிவு மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்தே விலக்குகிறது. ஆனால் ஏற்கெனவே பதிவான வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுபோவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். களத்துக்கு அதைக் குட்டி யானை வேனில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். சாலையில் ஓட்டிப்போய்க் களத்தில் விளையாடிவிட்டு அதிலேயே திரும்பலாம் என்று யாராவது சொன்னால், அவர் இந்த விளையாட்டுக்கு நம் ஊரில் கதவை மூடுகிறார்.

இரண்டாவது மறுப்பு எனக்கு மிக முக்கியமானது. கடற்கரை மாவட்டத்தில் இப்படியொரு விளையாட்டைத் தொடங்கினால் வண்டிகள் தனுஷ்கோடி மணலுக்குத்தானே போகும் என்பார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை சாலை திறக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். அதற்கு முன் மணலிலும் அலைவாய்க்கரையிலும் வண்டி ஓட்டுவதைத் தவிர வழியில்லை. இன்று அந்தத் தேவை இல்லை. அந்த மணற்குன்றுகளைப் பிடித்து நிறுத்துவது இராவணன் மீசையும் அடப்பங்கொடியும். ஒரு சக்கரம் வேரை அறுத்தால் அங்கிருந்து காற்று மணலை எடுக்கத் தொடங்கும். தை, மாசி, பங்குனியில் கரையேறும் ஆமை ஒரு முழ ஆழத்தில் நூறுக்கு மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். பொரித்து வரும் குஞ்சு, டயர் பதிந்த பள்ளத்தில் விழுந்தால் கடலுக்குப் போக முடியாமல் அதற்குள்ளேயே அலையும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணற்குன்றுகளை மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. இவ்வளவும் இருக்க, அங்கே ஒரு விளையாட்டு வண்டியை இறக்குவதை எந்த வாதத்தாலும் நான் ஏற்க மாட்டேன். ட்ரயல்ஸைப் பரிந்துரைப்பதற்கே இது ஒரு காரணம். மணலில் ஓட்டுவதற்கு வேகமும் பரந்த வெளியும் வேண்டும். ட்ரயல்ஸுக்கு ஒரு வீட்டுமனை அளவு இடம் இருந்தால் ஒரு பகுதி அமைத்துவிடலாம். கடலோரத்தில் வண்டி ஓட்ட ஆசைப்படும் இளைஞரைக் கடற்கரையிலிருந்து உள்ளே இழுத்துவரக்கூடிய மோட்டார் விளையாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அப்படியானால் பாறைக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. நம் மாவட்டம் தட்டை நிலம். கண்மாய்க் கரை ஒன்றுதான் உயரம், அது பாசனத்துக்குரிய பொதுச்சொத்து, அதில் சக்கரத்தடம் விழுந்தால் மழையில் கரை அறுக்கும். அதுவும் வேண்டாம். பார்சிலோனாவில் 1978 முதலே கூரைக்குக் கீழே, விளையாட்டரங்குக்குள் ட்ரயல்ஸ் நடக்கிறது. மரக்கட்டை, கான்கிரீட் குழாய், மண்மேடு, கற்குவியல் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து அடுக்கப்பட்டவை. உள்ளரங்கப் போட்டிகளுக்கு உலகப் பட்டமே தனியாக உண்டு. நமக்கு வேண்டியது சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்த ஒரு பட்டா நிலம், உரிமையாளரின் சம்மதம், ஒரு நாள் ஜேசிபி வேலை. கிணறு வெட்டிப் போட்ட கல், உடைந்த சிமெண்டுக் குழாய், பழைய லாரி டயர், காற்றில் சாய்ந்த பனை என்று பொருளுக்குக் குறைவில்லை. நிற்கும் பனையை இதற்காக வெட்டக் கூடாது. பனை நம் மாநில மரம், அதை வெட்ட அனுமதி வேண்டும் என்று அரசு 2021-இல் அறிவித்தது. அது இல்லாவிட்டாலும் இந்த மாவட்டத்தில் பனையின் மதிப்பு என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த பனந்தடியின் சொரசொரப்பு, ஈரமானால் வழுக்கும் அதன் வளைவு, இவை டயருக்கு வைக்கும் சோதனை எந்த மலைப்பாறைக்கும் குறைந்தது இல்லை.

மூன்றாவதாக, ஏற்கெனவே சாலையில் வீலிங் செய்து உயிரை விடுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு சாகசத்தைக் கற்றுக்கொடுப்பதா என்று பெற்றோர் கேட்பார்கள். இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ட்ரயல்ஸிலும் விழுவார்கள், கை முறியலாம். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்டும் கணுக்கால் மூடும் பூட்ஸும் இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது. ஆனாலும் ஆபத்தின் அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் வேகம். நடக்கும் வேகத்தில் விழுவதும் மணிக்கு 80 கிலோமீட்டரில் விழுவதும் ஒன்றாகாது. வீலிங் செய்பவர் பார்ப்பவரின் கைதட்டலுக்காகச் செய்கிறார், தவறினால் எதிரே வருபவரும் சாகிறார். ட்ரயல்ஸில் பக்கத்திலேயே ஒருவர் நின்று ஒவ்வொரு கால் ஊன்றலையும் எண்ணுகிறார். பாய்ந்தவருக்கு அங்கே வெற்றி கிடையாது, அடங்கியவருக்குத்தான் உண்டு. முன்பிரேக்கை ஒரு விரலால் எவ்வளவு அழுத்தினால் சக்கரம் வழுக்கும் என்று களத்தில் ஆயிரம் முறை உணர்ந்தவரின் கை, மழை நாளில் தேவிபட்டினம் சாலையில் மாடு குறுக்கே வரும்போது அதை மறக்காது.

பணம் இல்லாதவர் என்ன செய்வது என்று ஒருவர் கேட்கலாம். வெளிநாட்டு ட்ரயல்ஸ் வண்டி பல லட்சம். பழைய 100 சிசி வண்டியும் எல்லாருக்கும் எட்டாது. அவர்களுக்கு மிதிவண்டி இருக்கிறது. ஸ்பெயினில் மோன்டேசா நிறுவனத்தோடு இருந்த பெரே பி, தன் மகன் ஒட் பி ட்ரயல்ஸ் பழகுவதற்காகச் சிறு மிதிவண்டியைத் திருத்திக் கொடுத்தார். அதிலிருந்துதான் மிதிவண்டி ட்ரயல்ஸ் என்ற தனி விளையாட்டே வளர்ந்தது. அந்த மகன் பின்னாளில் உலகச் சாம்பியன் ஆனார். மிதிவண்டியிலும் மாற்றத்தின் முறை அதேதான். முன் பல்சக்கரத்தைச் சிறிதாக்கு, சீட்டை இறக்கு அல்லது எடு, டயரில் காற்றைக் குறை, பிரேக்கை ஒரு விரலுக்குக் கூர்மையாக்கு. பிளஸ் 1 படிப்பவர்களுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியை மட்டும் இதற்காகப் பிரிக்க வேண்டாம். அதன் சட்டமும் ஃபோர்க்கும் குதித்து இறங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, அது பள்ளிக்குப் போக வேண்டிய வண்டி. ஆனால் அதில் ஏறி, மிதியின்மேல் நின்று, பிரேக்கைப் பிடித்து, கால் ஊன்றாமல் பத்து எண்ணும்வரை அசையாமல் நிற்கப் பழகலாம். அதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. முப்பது எண்ண முடிகிறவர் வந்தால், பட்டறையில் அவருக்காக ஒரு பழைய ஸ்பிளெண்டரின் சேலை கார்டைக் கழற்றத் தொடங்கலாம்.

களத்துக்கு வேண்டிய ஆட்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஸ்லோ சைக்கிள் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, குனிந்து நின்று கால் பட்டதா என்று பார்த்துச் சொல்பவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னால் எதிர்த்துப் பேச்சு கிடையாது. ட்ரயல்ஸில் அதே வேலையைச் செய்பவர் பெரும்பாலும் வாயால் எதுவும் சொல்வதில்லை. ஓட்டுபவர் கால் ஊன்றும்போதெல்லாம் கையை உயர்த்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டுவார். நாடா கட்டிய ஒரு பட்டா நிலத்தில், சாய்ந்த பனை ஒன்றின் பக்கத்தில், அந்தக் கைக்கு உரியவரை இப்போதே தேடி வைக்க வேண்டும்.